பிரேக்கை மிதித்தால் அடங்கும் வானொலி

அண்ணரின் வண்டியிலிருந்த வானொலி ஒரு திங்கட்கிழமை காலையில் முற்றாகப் பேச்சிழந்தது. அதற்கு முன்னரும் அது நலமாக இருந்ததில்லை. முன்பலகையின் வலப்புறத்தில் ஓங்கிக் குத்தினால் பேசும். வண்டி குழியில் விழுந்தெழுந்தால் அடங்கும். மழை நாட்களில் யாரோ கிணற்றுக்குள் நின்று கதைப்பதுபோல் ஒலிக்கும். அண்ணர் இவற்றையெல்லாம் அதன் சுபாவமென்று ஏற்றுக்கொண்டு, குத்தவேண்டிய இடத்தில் குத்தி, அடங்கும்போது அடங்கவிட்டு, இருபதாண்டுகளுக்கு மேலாக அதனோடு குடித்தனம் நடத்தி வந்தார். திங்கட்கிழமை அவர் எவ்வளவு குத்தியும் அது எழவில்லை.

அதே வாரம் சனிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு அந்த வானொலி பேசியே ஆகவேண்டுமென்பது அண்ணருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அண்ணர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். பின்புறம் திறந்த, கொழும்பில் எல்லோரும் ‘கெப்’ என்றழைக்கும் அந்தப் பழைய ஜப்பானிய வண்டியில், விடியுமுன் வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்து, வெள்ளவத்தையின் சைவ உணவகங்களில் இறக்குவது அவர் தொழில். என்னிலும் ஏழு வயது மூத்தவர். நான் தமிழாசிரியனாக முப்பதாண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது பிறர் நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். நான் எழுதியவற்றில் ஒரு வரியையும் அண்ணர் வாசித்ததில்லை. வாசிக்கும்படி நானும் கேட்டதில்லை. ஆனால் வானொலியை அவர் விட்டதில்லை. மரண அறிவித்தல் தொடக்கம் விவசாயிகளுக்கான வானிலை வரை, வண்டிக்குள் எது ஒலித்தாலும் பயபக்தியுடன் கேட்பார்.

சனிக்கிழமை காலைகளில் ஒரு நிகழ்ச்சி உண்டு. தம்மை ஆளாக்கியவர்களைப் பற்றி ஒருவர் பன்னிரண்டு நிமிடம் பேசுவார். என்னைப் பேச அழைத்தார்கள். நான் அண்ணரைப் பற்றிப் பேசினேன். முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துகொண்டு, அந்தச் சனிக்கிழமை ஏழேகாலுக்கு ஒலிபரப்புவதாகச் சொன்னார்கள்.

இதன் முக்கியத்துவம் எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்தவர்களுக்கே விளங்கும். நன்றி என்னும் சொல்லை நாங்கள் வெளியாருக்கே வைத்திருக்கிறோம். பேருந்து நடத்துநருக்குச் சொல்வோம், மருந்துக்கடைக்காரருக்குச் சொல்வோம். உடன்பிறந்தவருக்குச் சொன்னால் அவரை வாசற்படலைக்கு வெளியே நிறுத்திப் பேசியதாகிவிடும். அண்ணர் தம் படிப்பைக் கைவிட்டு உழைத்து என்னைப் படிக்க வைத்தவர் என்று அம்மா எனக்குச் சொல்லாத நாளில்லை. அறுபது வயது கடந்தும், அதற்கு ஈடாக ஒரு சொல்லையும் நான் அவரிடம் சொல்லவில்லை. வானொலியில் சொன்னால் அது அவருக்கு மட்டும் சொன்னதாகாது. ஆனாலும் அவர் கேட்பார். முகத்தைப் பார்க்கவேண்டிய சங்கடமும் இல்லை. எனவே நிகழ்ச்சியைப் பற்றி அவரிடம் மூச்சும் விடாதிருந்தேன். வழமைபோல் இலையோடு வரும் வழியில் எதிர்பாராமல் என் குரலை அவர் கேட்கவேண்டும் என்பதே என் விருப்பம். அதை மறுமுறை ஒலிபரப்ப மாட்டார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன்.

கைப்பேசியில் போட்டுக் காட்டலாமே என்று என் மனைவி சொன்னாள். அண்ணரின் வலக்காது எஞ்சின் இரைச்சலில் மந்தமாகிப் பல காலமாயிற்று. வண்டி ஓடும்போது கைப்பேசியின் மெல்லிய குரல் அவருக்கு எட்டாது. தவிர, கைப்பேசியை அவர் காதில் வைத்து, இதோ உங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன், கேளுங்கள் என்று சொல்ல என்னால் இயலுமாயின், நன்றியையே நேரில் சொல்லியிருப்பேனே.

“ரேடியோ இல்லாட்டி கெப் ஓடாதோ?” என்றார் அண்ணர், செவ்வாய்க்கிழமை நான் புதியதொன்று வாங்கித் தருவதாகச் சொன்னபோது.

“இல்லை, உங்களுக்கு வழியில கேக்க ஒண்டும் இல்லாமல் இருக்குமே.”

“நேற்று முழுக்க வீதியில நிண்டவன் எல்லாம் எனக்கு ஏசினவன். அதைக் கேட்டுக்கொண்டு வந்தனான். பொழுது போச்சு.”

புதன்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பழைய வாகனங்களின் உறுப்புகளைக் கழற்றி விற்கும் கடைகள் அங்கே தெருத்தெருவாக உள்ளன. வாசலில் கதவுகள் மட்டும் அடுக்கிய கடை, விளக்குகள் மட்டும் தொங்கும் கடை, சுக்கான் வளையங்களை மாலைபோல் கோத்துவைத்திருக்கும் கடை. வானொலிகள் விற்ற கடையின் முதலாளி, தாடியில் நரையோடிய முஸ்லிம் அன்பர், நான் வாய்திறக்குமுன்னரே ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகையை எடுத்து முன்னே வைத்தார்.

“சேர், இத எடுங்க. புதுசு. சைனா சாமான். ஃபோனும் போடலாம், படமும் பாக்கலாம், பின்னுக்கு வாறவனயும் பாக்கலாம்.”

“எனக்கு வானொலி மட்டும் போதும்.”

“வானொலி மட்டுமா?” மாட்டுவண்டிக்குச் சில்லுக் கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “மட்டும் எண்டு இப்ப ஒண்டும் வாறதில்ல சேர்.”

அவர் காட்டிய பொருள் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணரின் வண்டியின் முன்பலகை எளிமையானது; அதில் அந்தப் பளபளப்பு, கோயில் மூலத்தானத்தில் மாட்டிய விளம்பரப் பலகைபோல் இருக்கும் என்று தோன்றிற்று. வண்டி எந்த நாட்டில் எந்தக் காலத்தில் செய்யப்பட்டதோ, அந்நாட்டில் அக்காலத்தில் செய்த வானொலிதான் வேண்டுமென்றேன். முதலாளி பெருமூச்சுவிட்டு உள்ளே போய், தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதே அளவு, அதே கறுப்பு, அதே வட்டத் திருகிகள். பொத்தான்களின்மேல் ஜப்பானிய எழுத்துகள். இந்த நாட்டில் எவர் கையும் படாதது என்று கண்டவுடனே விளங்கிற்று. மின்கலத்தில் தொடுத்துக் காட்டினார், பச்சை விளக்கு எரிந்தது, இரைச்சல் கேட்டது. ஏரியல் இல்லாமையால் அப்படித்தான் இரையும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

“பேண்டப் பாத்துக்கங்க சேர்,” என்றார் முதலாளி. “பொறகு வந்து ஏன்ட கழுத்தப் பிடிக்க வாணாம்.”

நான் தலையசைத்தேன். அவர் எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் தலையசைப்பது வகுப்பறையில் முப்பதாண்டுகள் நின்றவனுக்குக் கடினமன்று.

வியாழக்கிழமை பிற்பகல், கொட்டாஞ்சேனையில் அண்ணர் குடியிருக்கும் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, வாகன மின்வேலை செய்யும் பாஸ் அதைப் பொருத்தினார். கைவேலைக்காரர் எவரையும் இங்கே ‘பாஸ்’ என்பார்கள். ஐம்பது வயதுக்காரர், வாயில் வெற்றிலை, காதில் ஒரு திருப்புளி. பழைய பெட்டியைக் கழற்றியபோது உள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு கம்பிகள் அவிழ்ந்து தொங்கின. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு காலத்து ஒட்டுநாடா. அவற்றில் பாதி எதற்கென்று தமக்கும் விளங்கவில்லை என்றார் பாஸ். ஒரு மணி நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி முன்பலகையில் அச்சாகப் பொருந்தியதைக் கண்டு எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று. பாஸ் திருகியைத் திருப்பினார். எழுபத்தாறில் தொடங்கிய எண் தொண்ணூறில் நின்றது. திரும்பவும் எழுபத்தாறு. நெடுகிலும் இரைச்சல், எண்பத்தொன்பதுக்கு அப்பால் ஒரே ஒரு சிங்களப் பாட்டு, அதுவும் இருமிக்கொண்டு.

“அண்ணே, இது அந்த ஊர் ரேடியோ,” என்றார் பாஸ். “ஜப்பான்ல தொண்ணூறோட முடிஞ்சிரும். நம்ம தமிழ் ஸ்டேஷன் எல்லாம் அதுக்கு மேலதான இருக்கு.”

“அப்ப இதால என்ன பிரயோசனம்?”

“நேரம் பாக்கலாம்.”

அண்ணர் மதகில் குந்தியிருந்து வயிறு குலுங்கச் சிரித்தார். “என்ர தம்பிக்கு எல்லாம் சுத்தமா வேணும் பாஸ். மூலப்பிரதிதான் வேணும். சனத்துக்கு விளங்குதோ இல்லையோ எண்டு பாக்கமாட்டான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாஸ் ஒரு வழி சொன்னார். தீப்பெட்டி அளவில் ஒரு சிறு பெட்டி உண்டு. ஏரியலுக்கும் வானொலிக்கும் இடையில் தொடுத்தால், மேலேயுள்ள நிலையங்களைக் கீழே இறக்கிக் கொடுக்கும். பஞ்சிகாவத்தையில் கிடைக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இதை நான் எழுதவே கூசுகிறேன்: கொழும்பில் நாற்பதாண்டுகள் வாழ்ந்தவன், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குப் பஞ்சிகாவத்தையில் போய் இறங்கினேன். கடைகள் இழுத்து மூடியிருந்தன. எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். நிழலென்று சொல்லக்கூடியது அந்தத் தெருவில் ஒன்றுமில்லை. கழற்றிவைத்த லொறிக் கதவொன்றின் அருகே ஒன்றரை மணி நேரம் நின்றேன். நின்றபோது என் உரையின் முதல் பந்தியை அதன் கடைசி வாக்கியம்வரை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். ‘தம் ஏட்டை மூடி என் ஏட்டைத் திறந்தவர் என் தமையனார்.’ அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று நாள் உழைத்திருந்தேன். ‘தமது’ என்றிருந்ததைத் ‘தம்’ என்று மாற்றியதும்தான் அதற்கு நடை வந்தது. இத்தனை பாடுபட்ட வாக்கியம் உரியவர் செவியைச் சேராமல் காற்றோடு போய்விடுமோ என்ற எண்ணம் வெயிலிலும் கூடுதலாகச் சுட்டது.

முதலாளி தொப்பியோடு வந்து கதவைத் தூக்கினார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளாலும் தம் கழுத்தை மூடிக்கொண்டார்.

“நா சொன்னேனா இல்லயா?”

“சொன்னீங்கள்.”

“படிச்ச ஆக்கள் எல்லாம் இப்பிடித்தான். தல ஆடும். காது ஆடாது.” ஆனால் பெட்டியைத் தேடி எடுத்துத் தந்தார், குடிக்கத் தண்ணீரும் தந்தார்.

மாலையில் பாஸ் அதைத் தொடுத்தார். திருகியைத் திருப்பியதும், மருதானைப் பக்கம் வாகன நெரிசல் என்று ஒரு பெண்குரல் தெளிந்த தமிழில் சொல்லிற்று. நெரிசலைப் பற்றி இவ்வளவு இனிமையாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணர் வண்டியை எடுத்து ஒழுங்கை முனைவரை ஓட்டினார். முனையில் பிரேக்கை மிதித்தார். குரல் நின்றது. காலை எடுத்தார், குரல் வந்தது. மிதித்தார், நின்றது.

“ஏர்த் சரியில்ல,” என்றார் பாஸ், வெற்றிலையைத் துப்பிவிட்டு. “பிரேக் லைட் எரியக்குள்ள ரேடியோ படுத்திருது. வயர் எல்லாத்தயும் அவுத்துப் பாக்கணும். நாளைக்கி ஒம்பது மணிக்குக் கொண்டாங்க.”

“ஏழேகாலுக்கு முதல் செய்ய ஏலாதோ?”

“ஏழேகாலுக்கு நான் எழும்பவே மாட்டனே அண்ணே.”

அண்ணர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “உனக்கென்ன ஏழேகாலுக்கு? முகூர்த்தமோ?”

சனிக்கிழமை முதற் பேருந்தில் கொட்டாஞ்சேனைக்குப் போய், வெள்ளவத்தைவரை உங்களோடு வருகிறேன் என்று சொல்லி வண்டியில் ஏறினேன். வெள்ளவத்தையில் குடியிருப்பவன் வெள்ளவத்தைக்குப் போவதற்காக விடியவே கொட்டாஞ்சேனைக்கு ஏன் வந்தான் என்று அண்ணர் கேட்கவில்லை. அதுவே எனக்கு அச்சமாக இருந்தது. பின்புறத்தில் ஈரச்சாக்கு மூடிய இலைக்கட்டுகள். புறக்கோட்டையைக் கடந்து காலிமுகத்திடலுக்கு வரும்வரை வானொலி இரண்டு சொல் பேசும், ஒரு சொல் விழுங்கும். கொழும்பு வீதியில் பிரேக்கை மிதியாமல் நூறு மீற்றர் ஓடக்கூடியவர் எவருமில்லை. கொள்ளுப்பிட்டியில் மூன்று சமிக்ஞை விளக்குகளிலும் சிவப்பு. என் வாழ்நாளில் சிவப்பு விளக்கை அவ்வளவு வெறுத்ததில்லை. பம்பலப்பிட்டியை அணுகும்போது ஏழு பதின்மூன்று.

“அண்ணை, கடற்கரைப் பக்கம் திருப்பி ஒரு பத்து நிமிசம் நிப்பாட்டுங்கோவன்.”

“இலை வாடும்.”

“பன்னிரண்டு நிமிசம்.”

“கூடிக்கொண்டெல்லோ போகுது,” என்றார். ஆயினும் திருப்பினார். கரையோர வீதியில், தண்டவாளத்தை ஒட்டி வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துக் காலை எடுத்தார். அறிவிப்பாளர் என்னை அறிமுகம் செய்து முடிக்கும் தறுவாயில் இருந்தார். பிறகு என் குரல் வந்தது.

அண்ணர் வானொலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது நீயல்லோ?”

“ஓம்.”

அவர் மந்தமில்லாத இடக்காதை அதன் பக்கம் திருப்பிக்கொண்டார். முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி படர்வதைக் கண்டேன். அவ்வாரத்தில் நான் பட்ட எரிச்சல் அத்தனையும் அந்த ஒரு கணத்துக்குத் தகும் என்று நினைத்தேன். எங்கள் வீடு, அம்மா, மண்ணெண்ணெய் விளக்கு. தலையசைத்தபடி கேட்டார். அதன்பின் அந்த வாக்கியம் வந்தது. தம் ஏட்டை மூடி என் ஏட்டைத் திறந்தவர் என் தமையனார்.

அண்ணர் பிரேக்கை மிதித்தார். நிற்கும் வண்டியில், வேண்டுமென்றே. என் குரல் நின்றது.

“ஆர் ஏட்டை மூடினது?”

“நீங்கள்தான். எனக்காகப் படிப்பை விட்டது.”

“நான் எங்க உனக்காக விட்டனான்? கணக்கில ரெண்டுதரம் கோட்டை விட்டனான். மூண்டாந்தரமும் எழுதச் சொல்லி அப்பா துரத்தித் துரத்தி அடிச்சவர். அடிக்குப் பயந்து ஊர் முதலாளி ஒராளின்ர லொறியில ஏறினனான். நீ அப்ப வாய்ப்பாடு பாடமாக்கிற சின்னப் பெடியன்.”

“அம்மா அப்படிச் சொல்லேல்லையே.”

“அம்மா உன்னைப் படிக்கவைக்கவெண்டு அப்பிடிச் சொன்னவ. மூத்தவன் மக்கு எண்டு சொல்ல ஆருக்கு வாய் வரும்?”

காலை எடுத்தார். ‘...தியாகத்தின் தழும்புகளை அவர் எவருக்கும் காட்டியதில்லை’ என்றது என் குரல். மறுபடி மிதித்தார்.

“என்ன தழும்பு?”

பின்னால் ஒரு ரயில் கடந்துபோயிற்று. அது போகும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் கேட்டார்:

“எனக்கு ஸ்டியரிங் பிடிக்க விருப்பம். முதல்நாள் லொறியில ஏறேக்கையே விருப்பம். இண்டைக்கும் விருப்பம்தான். அதை இதுக்குள்ள எங்கயாவது சொன்னனியோ?”

நான் சொல்லவில்லை. பன்னிரண்டு நிமிட உரையை மனத்துக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். அதில் வறுமை இருந்தது, வியர்வை இருந்தது, பாரம் இருந்தது. வண்டியோட்டுவதை அவர் விரும்புகிறார் என்ற செய்தி ஓரிடத்திலும் இல்லை. அவருக்கு அப்படியொரு விருப்பம் இருக்கக்கூடும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. படிப்பை இழந்தவர் வேறெதையும் பெற்றிருக்க மாட்டார் என்பது எங்கள் வீட்டில் ஒருவரும் ஐயுறாத முடிவு.

“அதைச் சொல்ல உனக்கு வெட்கமோ?”

“இல்லை. தெரியாது.”

“நாப்பது வருசத்துக்கு மேலா ஸ்டியரிங் ஆசனத்திலதானே இருக்கிறன். கேட்டிருக்கலாமே.”

கால் பிரேக்கிலேயே இருந்தது. உரையின் மிகுதி எங்களுக்கு எட்டாமல் நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. நன்றி என்னும் சொல்லைக் கடைசிப் பந்தியில் வைத்திருந்தேன். அதைக் கேட்டுவிட்டாவது திட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் காலை எடுத்தபோது தளபாடக் கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப சனம் கேட்டிருக்கும், என்ன?”

“ஓம்.”

“திருத்திச் சொல்ல ஏலாதோ?”

“ஏலாது.”

“நல்ல வேலை பாத்தாய்,” என்று வண்டியை எடுத்தார்.

முதல் உணவகத்தின் பின்வாசலில் இலைக்கட்டைத் தோளில் ஏற்றி உள்வாசல்வரை கொண்டுபோனேன்; அண்ணர் பின்னால் வந்தார். காசுமேசையிலிருந்த நிர்வாகி, அண்ணரைப் பல வருடங்களாகத் தெரிந்தவர், எழுந்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் ஒரு வானொலி, ஊதுவத்திப் புகைக்கிடையே, தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தது.

“அண்ணை, இப்பதான் கேட்டனான். இவர்தானே தம்பி? இஞ்ச சாப்பிட வாறவர், குரலைக் கேட்டதும் பிடிச்சிட்டன். தம்பிக்காகப் படிப்பை விட்டனீங்களாமே. இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே நீங்கள்.” அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன.

“இல்லை, அதில ஒரு பிழை...” என்று நான் தொடங்கினேன்.

“நீ பேசாம இலையைப் பிடி,” என்றார் அண்ணர். பிறகு நிர்வாகியிடம், “அது அந்தக் காலம் தம்பி. ஆராவது ஒராள் விடத்தானே வேணும்.”

“இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும். இண்டைக்கு விடமாட்டன்.”

வண்டியை வீதியில் விட்டுவிட்டு எந்த உணவகத்திலும் உட்காராத அண்ணர், அன்று உட்கார்ந்தார். பரிமாறுகிறவர்கள் இருவரும் வந்து அருகே நின்றார்கள். நிர்வாகி தம் கையாலேயே தேநீரைக் கொண்டுவந்து வைத்து, துக்க வீட்டில் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்:

“படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பீங்கள், என்ன அண்ணை? எந்தப் பாடம் நல்லா வாறது?”

அண்ணர் தேநீரை ஊதினார். ஒரு மிடறு குடித்தார். என்னை நேராகப் பார்த்தார்.

“கணக்கு,” என்றார்.

நிர்வாகி தலையை இருபுறமும் அசைத்து உச்சுக்கொட்டினார். நான் இலைக்கட்டோடு வாசலில் நின்றேன். ஈரச்சாக்கிலிருந்து தண்ணீர் வழிந்து என் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதை எங்கே இறக்கவேண்டுமென்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.